எட்ட நின்று எய்தவள்

இணைய விளையாட்டுகளில் வில்லை எடுத்து ஆடுகிறவர்களை யாருக்கும் பிடிக்காது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, சார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவரை மற்றவர்கள் பார்க்கும் பார்வைதான் அது, பழகிவிடும். என் கணவர் மேல் போட்டிருக்கும் வழக்கில் நான் முன்பு கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்திச் சொல்ல வந்தவள் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

அந்த விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். வாள்காரர், மந்திரவாதி, வைத்தியர் என்று பல வகை உண்டு. நான் வேட்டைக்காரி. கையில் வில், பக்கத்தில் ஓர் ஓநாய். காட்டில் நானே பிடித்துப் பழக்கியது. அதற்கு நேரத்துக்கு இரை போட வேண்டும், அடிபட்டால் ஆற்ற வேண்டும், கவனிக்காமல் விட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு காட்டுக்கே போய்விடும். அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லித் திரையில் கட்டம் வந்தபோது சட்டென்று எதுவும் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து என் அம்மா போனில் "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என்றே வைத்துவிட்டேன்.

என் கணவருக்குத் தெரியவந்தபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"என் பேரை நாய்க்கு வெச்சிருக்கியா?"

"நாய் இல்லைங்க, ஓநாய்."

"அப்ப சரி. மரியாதையாத்தான் வெச்சிருக்க."

ஒரு முறை அம்மா வந்து தங்கியிருந்தபோது நான் உள்ளறையிலிருந்து "போச்சு, மாப்பிள்ளை செத்துட்டான்" என்று கத்தியிருக்கிறேன். சமையலறையில் பாத்திரம் விழுந்து உருண்ட சத்தம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நிஜ மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர்தான் அம்மாவைச் சமாதானப்படுத்தினார்.

ஆளோடு ஆள் மோதும் களத்தில் வேட்டைக்காரி செய்ய வேண்டியது எட்ட நிற்பது. மொத்த வித்தையும் அதுதான். எதிரி வாளை ஓங்கிக்கொண்டு ஓடி வருவான். ஓநாயை முன்னே அனுப்ப வேண்டும். அவன் நின்று ஓநாயை வெட்டினாலும் அவனுக்கு நேரம் போகும், ஓநாய் காலைக் கவ்வ அதை இழுத்துக்கொண்டே என்னை நோக்கி வந்தாலும் நேரம் போகும். அந்த நேரத்தில் நான் அம்பு விட்டுக்கொண்டிருப்பேன். நெருங்கிவிட்டால் பின்னால் தாவுவேன். எதுவும் பலிக்காவிட்டால் கடைசியாக ஒன்று வைத்திருப்போம்: செத்தது போல் விழுந்துவிடலாம். எதிரியின் திரையில் நான் பிணமாகக் கிடப்பேன். அவன் என்னை விட்டுவிட்டு ஓநாயிடம் திரும்புவான். நான் நடிக்கிறேன் என்பது ஓநாய்க்குத் தெரியாது. நான் எழுந்திருக்கும் வரை அது தனியாக நின்று அடி வாங்கும்.

இரும்புத்தலை என்ற பெயரில் ஒரு வாள்காரன் இருந்தான். அவன் யார், எங்கே இருக்கிறான், எதுவும் எனக்குத் தெரியாது. மாதக்கணக்காகத் தரவரிசையில் எனக்கு ஒரு படி மேலே உட்கார்ந்திருந்தான். என்னைத் தோற்கடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே வரியை எழுதிவிட்டுப் போவான்: "நாயை முன்னாடி விட்டுட்டுப் பின்னாடி ஒளியறவன்தானடா நீ." நான் பெண் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பான், அவ்வளவுதான். எனக்கு அது சுருக்கென்று தைக்கும். விளையாட்டில் எவனோ சொன்னதற்கெல்லாமா என்று கேட்பீர்கள். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் தைத்தது.

வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம். என் கணவர் வெளியே போகும் மெக்கானிக். நான் உள்ளே உட்கார்ந்து அழைப்பை எடுத்து ஆள் அனுப்புகிறவள். கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேசை, தலையில் மாட்டும் போன், எதிர்ச்சுவரில் வெள்ளைப் பலகை. பலகையில் ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு காந்தப் பொட்டு. யார் எங்கே இருக்கிறாரோ அங்கே பொட்டை நகர்த்தி வைப்பேன். மதியத்துக்கு மேல் ஈ ஓட்டும் வேலைதான். மேசையோரம் என் மடிக்கணினி திறந்திருக்கும். மேலாளருக்கும் தெரியும். "அழைப்பு வந்தா எடுத்துடணும், அவ்ளோதான்" என்பார். எடுத்துவிடுவேன்.

லிஃப்டில் ஆள் சிக்கினால் இரண்டு பேர் போக வேண்டும் என்பது விதி. மொட்டைமாடியில் இருக்கும் இயந்திர அறையில் ஒருவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பிரேக் நெம்புகோலைப் பிடித்துக்கொள்வார். சிக்கிய தளத்தில் இன்னொருவர் நின்று, கதவுகள் மூடியிருக்கின்றனவா, உள்ளே இருப்பவர் ஒதுங்கி நிற்கிறாரா என்று பார்த்துச் சொல்வார். மேலே இருப்பவருக்குப் பெட்டி கண்ணில் படாது, கயிறுதான் தெரியும். கீழே இருப்பவர் 'விடு' என்றதும் பிரேக்கை நெகிழ்த்துவார். பெட்டி நகர்ந்து பக்கத்துத் தளத்துக்கு வந்து சேரும்.

எங்களிடம் ஆட்கள் போதாது. அதனால் எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு வழி இருந்தது. அந்த இரண்டாவது ஆள் நான். என் இடது காதில் லிஃப்டுக்குள் இருப்பவரின் குரல், வலது காதில் கைபேசியோடு இணைத்த இயர்போன் வழியாக என் கணவர். உள்ளே இருப்பவரிடம் எல்லாவற்றையும் கேட்டு உறுதி செய்துகொண்டு இவரிடம் "விடுங்க" என்பேன். விடுவார். எத்தனையோ பேரை அப்படி இறக்கியிருக்கிறோம். நான் சொல்லாமல் அவர் கை அசையாது. "நீதான் என் கண்ணு" என்பார். வேலையைத்தான் சொன்னார், எனக்கு அது வேறு மாதிரியும் கேட்டு இனித்தது.

அன்றைக்கு மாலையோடு தரவரிசையை மூடுகிறார்கள். இரும்புத்தலையோடு மூன்று சுற்று ஆட்டம் கிடைத்திருந்தது. இரண்டில் ஜெயித்தால் அவன் இடம் எனக்கு. முதல் சுற்று தொடங்கியதும் மேசையில் அழைப்பு விளக்கு மினுக்கியது. உடனே எடுத்தேன். அதில் என் மேல் பிழை இல்லை.

பேசியவர் திரைச்சீலை தைக்கும் ஒரு பெண். ஐந்தாவது மாடி வீட்டில் ஜன்னலுக்கு அளவெடுத்துவிட்டு இறங்கியிருக்கிறார். ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் பெட்டி நின்றுவிட்டது. குரலில் பதற்றமே இல்லை.

"அவசரமில்லைம்மா. மெதுவாவே வரட்டும். இருட்டா இருக்கு, அதான். ஆள் வர்ற வரைக்கும் கொஞ்சம் பேசிக்கிட்டே இருங்களேன்."

"இருக்கேம்மா. லைன்லயே இருக்கேன்" என்றேன்.

பலகையைப் பார்த்தேன். என் கணவரின் பொட்டு பக்கத்துத் தெருவில் இருந்தது. அடுத்த ஆள் ஊரின் மறுகோடியில். அவர் வந்து சேரும்வரை அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். இவரைக் கூப்பிட்டு, "நீங்க மட்டும் போங்க, கீழ நான் பாத்துக்கறேன்" என்றேன். "சரிம்மா" என்றார். அவர் எதிர்க்கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் ஒற்றைக் கையால் ஆடிக்கொண்டே செய்ததால் முதல் சுற்றில் தோற்றேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வந்தது, சார். இருட்டில் நின்றுகொண்டிருந்தவர் மேல். இப்போது சொல்லும்போது கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. போனில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு இரண்டாவது சுற்றை இரண்டு கையாலும் ஆடினேன். ஜெயித்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அந்தக் கட்டடத்துக் காவலாளி உதவும் குணம் உள்ளவர். அவரிடம் வெளிக்கதவின் சாவி இருந்தது. நாலாவது மாடியில் கதவைத் திறந்தார். பெட்டியின் தரை அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றிருந்தது. உள்கதவை அந்தப் பெண்ணே தள்ளித் திறந்தார். முதலில் பையையும் அளவுநாடாவையும் காவலாளியிடம் கொடுத்தார். பிறகு விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டார். அப்போது பெட்டி நகர்ந்தது. உள்ளே பாரம் குறைவாக இருந்தால் கயிற்றின் மறுமுனையில் இருக்கும் எதிர்ப்பாரம் இழுத்துப் பெட்டி மேலே ஏறும். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்தி அலுவலகத்துக்கு வந்ததும் நான் மயங்கி விழுந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். நாற்காலிகளை ஒதுக்கினார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், யாரோ என் பாதத்தைத் தேய்த்துவிட்டார்கள். கண்ணை மூடியபடி ஒவ்வொருவர் பேசியதையும் கேட்டுக்கொண்டே கிடந்தேன். "பாவம், அவளை ஒண்ணும் கேக்காதீங்க" என்று மேலாளர் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் என் கணவரிடம் திரும்பினார்கள்.

அவர் சொன்னது உங்களிடம் இருக்கிறது. இரண்டாவது ஆள் வரும்வரை காத்திருக்கும்படி நான் சொன்னதாகவும், பக்கத்தில்தானே என்று தானே அவசரப்பட்டுவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். அது பொய். உங்கள் ஆட்கள் வருவதற்கு முன்னால் படிக்கட்டில் என்னை நிறுத்திவைத்துச் சொன்னார்.

"நீ வாயே திறக்காத. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா யாருக்கு என்ன பிரயோஜனம்? நான் பாத்துக்கறேன்."

தலையாட்டினேன். தன் மனைவியைக் காப்பாற்றத் தனியாகப் போன குற்றத்தை ஏற்றுக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். அது பெரிய தியாகம், ஆனால் கணவன் மனைவிக்குள் நடக்கக்கூடியது. மனசுக்கு அப்படிச் சொல்லிச் சில வாரங்களை ஓட்டினேன்.

பிறகுதான் புரிந்தது. சிறையில் பார்க்கப் போகும்போது கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் வலது கையை விரிப்பதும் மூடுவதுமாக இருப்பார். அந்தக் கையால் சாப்பிடுவதை விட்டுவிட்டார். இடது கையால் சிந்திச் சிந்திச் சாப்பிடுகிறார் என்று அங்கிருக்கும் காவலர் சொன்னார். கேட்டேன்.

"பிரேக்கை வெடுக்குன்னு விட்டுட்டேன் போல இருக்கும்மா. அவங்க உள்ள தள்ளித்தான் நின்னிருப்பாங்க. பெட்டி குலுங்குன குலுங்கல்ல பயந்து வெளிய பாஞ்சிருப்பாங்க."

"காவலாளி வேற மாதிரி சொல்றாரே, முன்னாடியே உக்காந்திருந்தாங்கன்னு" என்றேன். எப்படி அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"பாவம், பயத்துல மாத்திச் சொல்றாரு. நீ அவங்களைக் கேக்காம விடச் சொல்லியிருப்பியா?"

அவர் என்னைக் காப்பாற்ற நடிக்கவில்லை, சார். கண்ணால் பார்த்தவரை விட்டுவிட்டு என்னை நம்புகிறார். ஓர் உயிரைத் தன் கை எடுத்துவிட்டது என்று உண்மையாகவே நினைத்து அந்தக் கையைத் தண்டித்துக்கொண்டிருக்கிறார். நான் "நேரமாச்சு, கிளம்பறேங்க" என்று எழுந்து வந்தேன்.

அந்தப் பெண்ணின் அக்காவும் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். எதிரில் உட்கார்ந்து என் தலையில் மாட்டியிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா உங்ககிட்டதானே பேசினா? ஏதாவது சொன்னாளா?"

"லைன் ஹோல்டுல இருந்துச்சும்மா. ஒண்ணும் கேக்கலை."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "உங்க வீட்டுக்காரரும் உள்ள இருக்காராமே. உங்களுக்கும் கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்து அடுத்த அழைப்பை எடுத்தேன்.

நான் திருத்த வந்தது அதைத்தான். ஹோல்டு என்று உங்களிடமும் சொன்னேன். எங்கள் போனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் இரண்டு பக்கமும் அடைபடும், அதுதான் ஹோல்டு. இன்னொன்றை அழுத்தினால் என் குரல் மட்டும் அடைபடும், அந்தப் பக்கத்துக் குரல் எனக்கு வந்துகொண்டே இருக்கும். நான் அழுத்தியது அந்த இரண்டாவதை. நான் விசைகளைத் தட்டும் சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. அவர் பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது.

திரைச்சீலைக்கு எந்தத் துணி வெளுக்காது என்று சொன்னார். தன் அக்காவுக்கு லிஃப்ட் என்றாலே பயம், அவள் மட்டும் இதில் மாட்டியிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள் என்று சொல்லிச் சிரித்தார். "அம்மா, இருக்கீங்களா?" என்று நடுநடுவே கேட்டார். மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. இரும்புத்தலைக்கு உயிர் நூலளவுதான் மிச்சம். மாப்பிள்ளை அவன் காலைக் கவ்வியிருந்தான். எனக்கும் அதிகம் இல்லை. அவன் கை இன்னும் ஒரு முறை ஓங்கினால் நான் காலி.

இடது காதில் அந்தப் பெண், "வாட்ச்மேன் அண்ணன் கதவைத் திறந்துட்டாரும்மா. குதிக்கிற உயரந்தான். இறங்கிடட்டுமா?" என்றார். பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு, "நீங்க வேலையா இருக்கீங்க போல. சரி, நான் இறங்கிக்கறேன்" என்றார்.

வலது காதில் என் கணவர், மொட்டைமாடிப் படி ஏறிய மூச்சிரைப்போடு, "மேல வந்துட்டேம்மா. கரண்டை நிறுத்திட்டேன். கை வெச்சிருக்கேன், விடலாமா?" என்றார்.

அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தி "இறங்காதீங்க" என்று சொல்ல ஒரு கை வேண்டும். இவரிடம் "பொறுங்க" என்று சொல்லக் கை வேண்டாம், வாய் போதும். ஆனால் பொறுங்க என்றால் ஏன் என்று கேட்பார், நான் விளக்க வேண்டும், கவனம் போய்விடும். விடுங்க என்றால் போனை வைத்துவிடுவார். அவ்வளவையும் நான் யோசித்தேன், சார். யோசிக்க நேரம் இருந்தது. அதை என்னிடமே மறைக்கத்தான் இத்தனை மாதம் பாடுபட்டேன். "விடலாமாம்மா?" என்று மறுபடி கேட்டார்.

"விடுங்க" என்றேன்.

ஆட்டத்தில் ஜெயித்தேன். இரும்புத்தலை அன்றைக்கு எதுவும் எழுதவில்லை.

போன முறை பார்க்கப் போனபோது அவர் வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "எனக்குத் தண்டனை வேணும்மா. இந்தக் கை செஞ்சது" என்றார். லிஃப்டில் ஏறுவதை முன்பே விட்டுவிட்டேன். இங்கேயும் படியேறித்தான் வந்தேன். கணினியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஓநாய்க்கு யாரும் இரை போடுவதில்லை. அவர் கை எதுவும் செய்யவில்லை. அந்தப் பெண் விளிம்பில் உட்காரப்போகிறார் என்று தெரிந்தே பெட்டியை நகர்த்தச் சொன்னது நான். அவரைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இனி யாரையும் முன்னே அனுப்பிவிட்டு நான் பின்னால் நிற்கப்போவதில்லை.

என் கணவரை இன்றைக்கு இங்கே கூட்டிவந்திருப்பதாகச் சொன்னீர்கள். தாழ்வாரத்தின் அந்தக் கடைசி அறைதானே. யாராவது அவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும், நீங்கள் போய்ச் சொன்னால் சரியாக இருக்கும். முதலில் கையைப் பற்றிச் சொல்லுங்கள். நம்ப மாட்டார், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். கத்தினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள், நல்ல மனுஷர். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள், சார். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் எனக்கு நன்றாகத் தெரியும்.